பதினொரு நிமிடம் நிற்கும் வண்டி

முதலில் மிக்ஸி போனது. பிறகு தையல் மெஷின், இரும்பு பீரோ, அவள் யோகா செய்த பாய். நான்கு வாரத்தில் வீடு பாதியாகிவிட்டது. எல்லாவற்றையும் 'வடவள்ளி வாங்க விற்க' குழுவில்தான் விற்றேன்.

எனக்கு அந்தக் குழு பிடித்திருந்தது. அங்கே யாரும் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்பதில்லை. 'இருக்கா?' என்பார்கள். 'லாஸ்ட் பிரைஸ்?' என்பார்கள். பதில் போட்டால் ஒருவர் வந்து, பொருளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத் தூக்கிக்கொண்டு போவார். கதவை மூடிக்கொள்ளலாம்.

குழுவை நடத்துபவர் ரெஜினா அக்கா. நேரில் பார்த்ததில்லை. மூவாயிரம் பேர் உள்ள குழுவை ஆறு விதிகளால் கட்டி மேய்த்தார். விலை போடாத பதிவு நீக்கப்படும். 'எனக்கு எடுத்து வைங்க' என்று இடம் பிடிக்கக் கூடாது. பதிவை நீக்கினால் காரணம் சொல்ல வேண்டும். வாங்கியது பிடிக்கவில்லை என்றாலும், விற்றவர் மனம் மாறினாலும், ஏழாம் நாள் இரவு எட்டு மணிக்குள் காரணம் கேட்காமல் திருப்பிக்கொள்ளலாம். எட்டைத் தாண்டினால் பேச்சில்லை.

என் மனைவி தாரணி பிப்ரவரியில் இறந்தாள். அலுவலகத்தில் மதியம் தலை வலிக்கிறது என்றாளாம். மேசையில் சாய்ந்தாள். மூளையில் ஒரு இரத்தக்குழாய். வயது இருபத்தொன்பது. அதற்குமேல் எழுத ஒன்றுமில்லை.

அவளுடைய ஸ்கூட்டர் அலுவலக நிறுத்தத்தில் பத்து நாள் நின்றது. அவள் அண்ணன் அதைக் குட்டியானை வேனில் ஏற்றி வந்து வாசலில் இறக்கினார். அவளுக்குப் பிறகு அதை யாரும் ஓட்டவில்லை. ஜூன் மாதம் அதையும் பதிவிட்டேன்.

'பழகும் ஸ்கூட்டர். மூன்று வருடம். ஒரே ஓனர், பெண். ஒருமுறைகூட விழுந்ததில்லை.'

இரண்டு நிமிடத்தில் பதினான்கு பேர் கேட்டார்கள். பதினான்கும் ஒரே கேள்வி. 'பழக்கத்தோடவா, துடைச்சதா?'

இப்போது வரும் மின்சார ஸ்கூட்டர்கள் எல்லாம் ஓட்டுகிறவரைப் பழகிக்கொள்கின்றன. எங்கே பிரேக் போடுவார், எந்தப் பள்ளத்தை எப்படி ஒதுக்குவார், எவ்வளவு சாய்வார் என்பதெல்லாம் ஒரு வருடத்தில் வண்டிக்குள் இறங்கிவிடும். பிறகு கையைத் தளர்த்திப் பிடித்தால் போதும். வண்டியே அவரைப் போல ஓடும். இறுக்கிப் பிடித்தால் விட்டுக்கொடுக்கும். அதைத்தான் பழக்கம் என்றார்கள்.

குழுவில் வண்டிக்கு ஒரு விலை, பழக்கத்துக்கு ஒரு விலை. ஆசிரியை ஓட்டியது என்றால் அடித்துக்கொள்வார்கள். கல்லூரிப் பையன் ஓட்டியது என்றால் துடைத்துவிட்டுத்தான் விற்க முடியும். சிலர் விற்பதற்கு முன் மூன்று மாதம் நிதானமான ஆளிடம் கொடுத்து ஓட்டச் சொன்னார்கள். தொண்டாமுத்தூரில் ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் ஒரே சமயத்தில் நான்கு வண்டிகளை மாற்றி மாற்றி ஓட்டுகிறார் என்று பேச்சு. நிதானம் அப்படியொரு சரக்காகிவிட்டிருந்தது.

துடைப்பதற்கு ஓனரின் கட்டைவிரல் ரேகை வேண்டும். ஓனர் இறந்துவிட்டால் வாரிசுச் சான்று, அது இது என்று ஆறு மாதம் ஆகும். அதனால் இறந்தவர்களின் வண்டிகள் பழக்கத்தோடேயே விற்பனைக்கு வந்தன. அப்படி விற்றால் 'ஓனர் காலமானார்' என்று போட்டாக வேண்டும். ரெஜினா அக்காவின் ஐந்தாவது விதி. போட்டால் வாங்க ஆள் வராது.

நான் போடவில்லை. விலைக்காக இல்லை. அந்த இரண்டு சொற்களை அடிக்க விரல் வரவில்லை. 'பழக்கத்தோடு' என்று மட்டும் பதில் எழுதினேன்.

அன்று திங்கட்கிழமை. முதலில் கேட்டவர் சாயங்காலமே வந்துவிட்டார். நாற்பது வயது இருக்கும். நீலச் சேலை, தோளில் பெரிய பை, வலது மணிக்கட்டில் நீளமான தழும்பு.

"சத்தியபாமாங்க. வீடு வீடாப் போயி சக்கரைப் புண்ணுக்குக் கட்டுப் போடறனுங்க. எல்லாரும் சிஸ்டர்ம்பாங்க." அவர் வண்டியைத் தொடாமல் ஒரு சுற்று சுற்றி வந்தார். "நெசமாலுமே விழுந்ததில்லைங்ளா?"

"இல்லை."

"நான் விழுந்திருக்கறனுங்க. ரெண்டு வருசம் ஆச்சு. கையில பிளேட்டு. அப்புறம் ரெண்டு வண்டி ஓட்டிப் பாத்தேன். உக்காந்தாலே காலு நடுங்குது. பஸ்ஸுல போனா மூணு வீடுதான் முடியுது. மத்தவங்க புண்ணோட காத்துட்டு இருக்காங்க." தயங்கினார். "மேடம் இல்லீங்களா? ஒரு வார்த்தை கேட்டுக்கலாம்னு."

"வெளியூர்ல இருக்காங்க."

பொய் சுலபமாக வந்தது. அவர் தலையாட்டினார். தெருவில் ஒருமுறை ஓட்டிப் பார்த்தார். திரும்பி வந்தபோது முகம் மாறியிருந்தது.

"ஏனுங்க சார், இது என்னைத் திட்டவே இல்லைங்க" என்றார்.

"வண்டி எப்படித் திட்டும்?"

"புது வண்டியெல்லாம் திட்டும்ங்க. வெடுக்வெடுக்குனு இழுக்கும். இது தோளு மேல கை போட்டுக் கூட்டிட்டுப் போறாப்புல இருக்குது."

வண்டி போனது. கதவை மூடிக்கொண்டேன்.

வியாழக்கிழமை அவரிடமிருந்து குரல் செய்தி வந்தது.

"சார், வண்டி தங்கமா இருக்குதுங்க. ஒரு நாளைக்கு ஆறு வீடு முடிக்கறேன். ஒண்ணே ஒண்ணுதான். சாயங்காலம் மருதமலை ரோட்டுல வரும்போது, உங்க தெருவுக்குக் கொஞ்சம் முன்னாடி ஒரு நாத்துப்பண்ணை மூடிக் கெடக்குதில்லீங்க, அங்க புங்க மரத்துக்கடியில போயி நின்னுக்குது. மோட்டாரு ஆஃபு. பதினொரு நிமிசம். நான் கடியாரம் வச்சுப் பாத்தனுங்க. அப்புறம் அதுவாப் பச்சை லைட்டுப் போட்டுக் கெளம்புது. பேட்டரி சூடாகுதோ என்னமோன்னு நானும் கல்லக்காயத் தின்னுட்டு உக்காந்திருக்கறேன். அப்புறம் உங்க தெருவுக்குள்ள திரும்பப் பாக்குது, நாந்தான் இழுத்து நேராக் கொண்டு போறேன். மேடத்துகிட்டக் கேட்டுச் சொல்லுங்க."

இரண்டு முறை கேட்டேன்.

அந்த இடம் எனக்குத் தெரியும். எங்கள் தெருவுக்கு முந்நூறு அடி முன்னால். அங்கே கடை இல்லை, கோயில் இல்லை, தெரிந்தவர் வீடு இல்லை. ஒரு பாழ்மனை, ஒரு மரம்.

வீட்டுக்கு இவ்வளவு பக்கத்தில் தாரணி தினமும் பதினொரு நிமிடம் நின்றிருக்கிறாள். வீட்டுக்கு வராமல்.

நான் மாநகராட்சிக் குடிநீர் ஆய்வகத்தில் வேலை செய்கிறேன். தண்ணீரில் எதுவும் தானாகக் கலக்காது. எங்கிருந்தோ வரும். எங்கிருந்து என்று கண்டுபிடிப்பதுதான் வேலை. அந்தப் புத்தியோடு யோசித்தேன். ஒருவர் தன் வீட்டுக்கு முன்னால் தினமும் எதற்கு நிற்பார்? உள்ளே போக மனம் வராவிட்டால் நிற்பார். வீட்டில் இருப்பது யார்? நான்.

எங்களுக்குள் பெரிய சண்டை வந்ததில்லை. அதனால் நன்றாக இருந்தோம் என்று நினைத்திருந்தேன். நான் அதிகம் பேசமாட்டேன். ஒருமுறை அவள், "உங்ககிட்ட இருந்து ஒரு வாக்கியம் வாங்கறதுக்குள்ள ரேஷன் கடைல சக்கரையே வாங்கிடலாம்" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

மரத்தடிக்குப் போய்ப் பார்க்கலாம். ஐந்து நிமிட நடை. போகவில்லை. பயமாக இருந்தது. பிப்ரவரிக்குப் பிறகு எனக்கு வந்த முதல் உணர்ச்சி அது.

வெள்ளிக்கிழமை ரெஜினா அக்காவைக் கூப்பிட்டேன். விற்ற வண்டியைத் திருப்பி வாங்க வேண்டும் என்றேன்.

"ரூல் இருக்கு, வாங்கிக்கோ. திங்கட்கிழமை எட்டு மணி வரைக்கும் டைம். எதுக்குன்னு நான் கேக்கக் கூடாது." கொஞ்சம் நிறுத்தினார். "எதுக்கு?"

சொன்னேன். எல்லாவற்றையும். எதிர்ப்பக்கம் குக்கர் விசில் அடித்தது. அவர் அதை அணைக்கப் போகவில்லை.

"காலமானார்னு போடல நீ."

"இல்லக்கா."

"உன்னக் குழுவ விட்டுத் தூக்கணும் நான்."

"தூக்குங்க."

"வாய மூடு." மூன்றாவது விசில் அடித்தது. "தம்பி, வண்டிய எடுத்து வச்சு என்ன பண்ணுவே? ஓட்டுவியா?"

"ஓட்டலாம்."

"நீ ஓட்டுனா உன் கை ஏறும். ஏற ஏற அவ கை அழியும். நாப்பது நாள். அதுக்கப்புறம் அது உன் வண்டி."

"காப்பி எடுக்க முடியாதா?"

"முடியாது. என் வீட்டுக்காரரு வண்டிக்கு நான் கேக்காத மெக்கானிக் இல்ல. பழக்கம் ஒரு பெட்டிக்குள்ள இருக்கறதில்லையாம். மோட்டார்ல கொஞ்சம், ஹேண்டில்ல கொஞ்சம், ஸ்பிரிங்ல கொஞ்சம்னு வண்டி பூரா இருக்குமாம். ஒரு வண்டியிலதான் இருக்கும்."

"அப்ப ஓட்டாம நிறுத்தி வெச்சுக்கறேன்."

"அதான் நானும் பண்ணேன். என் போர்ட்டிகோவுல மூணு வருஷமா நிக்குது. துணி போட்டு மூடிருக்கேன். உள்ள அவரு இருக்காரு. ஆனா ஓட்டுனாத்தானே தெரியும்? ஓட்டாத வண்டில பழக்கம் இருந்தா என்ன, இல்லாட்டி என்ன?" இப்போதுதான் எழுந்து போய் அடுப்பை அணைத்தார். "எனக்கு அதத் தொடவும் முடியல, விக்கவும் முடியல. நீ என்ன வேணா பண்ணு. ஆனா அந்தப் பொம்பளகிட்ட உண்மையச் சொல்லிட்டுப் பண்ணு. அவங்க மனசு எப்படியோ. நீயே சொல்லணும். போன்ல இல்ல, நேர்ல."

ஐந்தாவது விதியை அவர் எதற்காக எழுதினார் என்று அன்று புரிந்தது.

சனிக்கிழமை சத்தியபாமாவுக்கு எழுதினேன். திங்கட்கிழமை சாயங்காலம் வண்டியை நானும் பார்க்க வேண்டும் என்றேன். 'வாங்க சார். நாளைக்கு ஞாயித்துக்கிழமை, நிக்குமான்னு தெரியலைங்க. லீவுன்னு தெரிஞ்சு நேராப் போயிருமோ என்னமோ' என்று பதில் வந்தது. ஞாயிறு இரவு இன்னொன்று. 'ஆமாங்க. இன்னைக்கு நிக்கல.'

திங்கட்கிழமை லாலி ரோட்டில் கடைசி வீட்டை முடித்துவிட்டு அவர் வெளியே வந்தபோது மணி ஐந்தே முக்கால். நான் கேட் அருகே நின்றிருந்தேன். வண்டியின் முன்கூடையில் பஞ்சுப் பொட்டலம், மருந்து பாட்டில், ஒரு காகிதப் பொட்டலத்தில் அவர் சொன்ன கல்லக்காய், வறுத்த நிலக்கடலை.

"அவங்க வெளியூர்ல இல்லைங்க" என்றேன். "பிப்ரவரில இறந்துட்டாங்க. என் மனைவி. உங்ககிட்டப் பொய் சொன்னேன்."

அவர் கையிலிருந்த சாவியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். வண்டியைப் பார்த்தார்.

"என்ன வயசுங்க?"

"இருபத்தொன்பது."

அவர் வண்டியின் கைப்பிடியைத் தொட்டார். ஒரு நோயாளியின் கையைத் தொடுகிற மாதிரி.

"ஒரு வாரமா இவங்கதான் எனக்குச் சொல்லிக் குடுத்தாங்களா?"

நான் தலையாட்டினேன்.

"முதல்லயே சொல்லியிருந்தா வாங்கியிருக்க மாட்டேன். என் மாமியா வாசப்படி ஏத்தாது. அது வேற." மூக்கை உறிஞ்சினார். "பொய் சொன்னது தப்பு, தம்பி."

"தப்புதான்."

அதுவரை சார் என்றவர் தம்பி என்றார். இரண்டு பேருமே அதைக் கவனிக்காத மாதிரி இருந்தோம்.

"இன்னைக்கு எட்டு மணி வரைக்கும் டைம் இருக்குதுங்க. நீங்க திருப்பி எடுத்துக்குங்க. நான் எப்படியோ பாத்துக்கறேன்." சொல்லும்போது அவர் கை கைப்பிடியை விட்டு வரவில்லை.

"முதல்ல அது எங்க நிக்குதுன்னு பாக்கணும்."

"அப்ப ஏறுங்க. நீங்க ஓட்டுனா உங்க கை ஏறிக்கும். நான் ஓட்டறேன். லேசாத்தான் புடிப்பேன். பின்னாடி கம்பி இருக்குது, புடிச்சுக்குங்க. ஊரு பாத்தாப் பாக்கட்டும்."

ஏறினேன்.

வேளாண் பல்கலைக்கழகத்தின் மதில் ஓரம் வண்டி போனது. பி.என்.புதூரில் சாலை நடுவே ஒரு சாக்கடை மூடி உண்டு. அதற்கு இருபதடி முன்னாலேயே வண்டி வலப்பக்கம் மெல்ல ஒதுங்கி, தாண்டியதும் பழைய இடத்துக்கு வந்தது. தாரணி அப்படித்தான் செய்வாள். வேகத்தடையில் முன்சக்கரம் ஏறுவதற்குள் ஒரு சின்ன நிறுத்தம், பிறகு ஒரு உந்தல். அதுவும் அவள்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் பின்னால்தான் உட்கார்ந்திருப்பேன். எனக்கு வண்டி ஓட்டப் பிடிக்காது.

முன்னால் ஒரு நீலச் சேலை, வேறொரு தோள், டெட்டால் வாசம். கீழே அவள் ஓட்டம். கண்ணை மூடிக்கொண்டேன்.

"தம்பி."

"சொல்லுங்க."

"திருப்பம் வர்றதுக்கு முன்னாடியே சாயறீங்க. இப்பவும், முந்துன திருப்பத்துலயும். வண்டியும் நீங்களும் ஒரே நேரத்துல சாயறீங்க. நாந்தான் லேட்டு."

கண்ணைத் திறந்தேன். உண்மைதான். என் இடுப்பு முன்கூட்டியே தெரிந்துவைத்திருந்தது. மூன்று வருடத்து ஞாயிற்றுக்கிழமைகள். யாரும் துடைக்கவில்லை.

வேகம் குறைந்தது. புங்க மரம் தெரிந்தது. வண்டி இடப்பக்கம் மண்ணில் இறங்கி, மரத்தடிக்குப் போய், சற்றே சாய்வாகத் திரும்பி நின்றது. மோட்டார் அடங்கியது.

மணி ஆறு ஒன்பது.

"இங்கதான்" என்றார் சத்தியபாமா. கடலைப் பொட்டலத்தைப் பிரித்து என் பக்கம் நீட்டினார். நான் எடுக்கவில்லை. சுற்றிலும் பார்த்தேன். நாற்றுப்பண்ணையின் மதில் ஒரு பக்கம் இடிந்திருந்தது. உள்ளே செடி இல்லை. உடைந்த தொட்டிகள், எருக்கு. சாலைக்கு அந்தப்பக்கம் ஒரு பஞ்சர் கடை, பூட்டியிருந்தது. நிற்பதற்கு எந்தக் காரணமும் இல்லை.

"இறங்காதீங்க" என்றார் அவர். "வண்டி எந்தப் பக்கம் பாத்து நிக்குதோ, அந்தப் பக்கம் பாருங்க. அவங்க இறங்குனதே இல்ல போல. இறங்கியிருந்தா ஸ்டாண்டு போடற பழக்கம் வந்திருக்கும். உக்காந்த எடத்துல இருந்துதான் எதையோ பாத்திருக்கோணும்."

பார்த்தேன்.

நேர் எதிரே முந்நூறு அடியில் எங்கள் பஸ் ஸ்டாப். அதை அடுத்து எங்கள் தெருமுனை. மதில் இடிந்த இடத்தின் வழியாக, காலி மனைக்கு அப்பால், எங்கள் கட்டடத்தின் பின்பக்கம். இரண்டாம் மாடி. ஒரு சின்ன ஜன்னல். எங்கள் சமையலறை. அது பகலிலும் இருட்டாக இருக்கும். உள்ளே போனால் விளக்கைப் போட்டாக வேண்டும்.

ஒரு பஸ் எங்களை உரசுகிற மாதிரி தாண்டிப் போய் ஸ்டாப்பில் நின்றது. ஆறு பத்து பஸ். என்னுடைய பஸ். பிப்ரவரிக்குப் பிறகு நான் அதில் வருவதில்லை. ஆய்வகத்திலேயே உட்கார்ந்திருந்துவிட்டு எட்டு மணி பஸ்ஸில் வருகிறேன்.

நான்கு பேர் இறங்கினார்கள். ஒருவன் முதுகில் பையோடு எங்கள் தெருவுக்குள் திரும்பினான்.

எனக்குத் தெரிந்துவிட்டது.

"தம்பி? ஏனுங்க, என்னாச்சு?"

அவர் கடலைத் தோலை உள்ளங்கையில் ஊதிக்கொண்டிருந்தார்.

"கல்யாணமான புதுசுல அவதான் முதல்ல வீட்டுக்கு வருவா" என்றேன். "அவ ஆபீஸ் அஞ்சரைக்கே முடியும். நான் வரும்போது டீ ரெடியா இருக்கும். ஒரு நாள் அவகிட்டச் சொன்னேன். சம்பளமும் உனக்குத்தான் ஜாஸ்தி, சமையலும் நீதான், நான் இந்த வீட்டுல என்னதான் பண்றேன், ஒரு டீயாவது உனக்குப் போட்டு வைக்கணும்னு."

"ம்."

"அடுத்த வாரம் ஆபீஸ்ல வேலை ஜாஸ்தியாயிடுச்சுன்னு சொன்னா. அதுல இருந்து நான்தான் முதல்ல வருவேன். விளக்கப் போட்டு, பால வெச்சு, டீ போடுவேன். டம்ளர்ல ஊத்தும்போது கீழே வண்டிச் சத்தம் கேக்கும். தினமும். மோப்பம் புடிச்சுட்டு வர்றியான்னு கேப்பேன். டீ வாசம் ரோடு வரைக்கும் வருதுங்கன்னு சொல்லுவா."

பஸ் ஸ்டாப்பில் இருந்து வீட்டுக்கு நடை நான்கு நிமிடம். பால் காய்ந்து டீ ஆக ஏழு நிமிடம். பதினொன்று. மூன்று வருடத்தின் சராசரி அது. பஸ் தாமதமான நாட்களில், நான் வராமலே போன நாட்களில் எவ்வளவு நேரம் நின்றாளோ.

அந்த பஸ் அவளைத் தாண்டித்தான் போயிருக்கும். தினமும், இந்த மரத்தை உரசிக்கொண்டு. நான் ஜன்னலோரம் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்திருப்பேன்.

"அந்த ஜன்னலுங்களா?" சத்தியபாமா கையை நீட்டினார்.

"ஆமா."

இருட்டாக இருந்தது.

இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். அப்போது எனக்கு அழுகை வந்தது. சத்தமில்லாமல் வரும் என்று நினைத்திருந்தேன். அப்படி வரவில்லை. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. பையைத் துழாவி, கட்டுப் போடுகிற துணியில் ஒரு துண்டைக் கிழித்துத் தோளுக்குமேலாகப் பின்னால் நீட்டினார். சுத்தமான, மருந்து வாசமடிக்கிற துணி.

பச்சை விளக்கு எரிந்தது. மோட்டார் முனகியது. வண்டி தானாகச் சாலையில் ஏறி, ஸ்டாப்பைத் தாண்டி, எங்கள் தெருமுனையில் சாய்ந்தது. இந்த முறை அவர் இழுக்கவில்லை. வாசலில் கொண்டுபோய் நிறுத்தியது.

இறங்கினேன். அவரும் இறங்கிச் சாவியை நீட்டினார்.

"மணி ஆறரை கூட ஆகலைங்க. இன்னும் டைம் இருக்குது. வாங்கிக்குங்க. இதை எப்படித் தம்பி நான் வெச்சுக்கறது? நான் ஓட்ட ஓட்ட அழிஞ்சு போயிருமே."

சாவியைப் பார்த்தேன். வாங்கி, உள்ளே ஏற்றி, துணி போட்டு மூடலாம். உள்ளே தாரணி இருப்பாள். மரத்தடிக்குப் போகமாட்டாள். யாரையும் பார்த்துக்கொண்டு நிற்கமாட்டாள்.

"நாளைக்கு எத்தனை வீடு?" என்று கேட்டேன்.

"ஏழுங்க."

"பஸ்ஸுல போனா?"

அவர் நீட்டிய சாவி கொஞ்சம் கீழே இறங்கியது.

"நீங்களே ஓட்டுங்க. அவ யாரையாவது பின்னாடி உக்கார வெச்சுட்டுப் போனாத்தான் நல்லா ஓட்டுவா. தனியா நின்னாப் பிடிக்காது." ஒரே மூச்சில் மூன்று வாக்கியம் சொல்லிவிட்டேன். "ஒரே ஒரு உதவி. நின்னா, எத்தனை நிமிஷம்னு மட்டும் சொல்லுங்க."

எட்டு மணிக்கு ரெஜினா அக்கா எழுதினார். 'டைம் முடிஞ்சுது.' 'தெரியும்' என்று பதில் போட்டேன். கொஞ்ச நேரம் கழித்து அவரிடமிருந்து ஒரு கேள்வி வந்தது. 'அந்த சிஸ்டருக்குத் தெரிஞ்ச யாருக்காவது வண்டி வேணுமா? என் வீட்டுக்காரர் ரொம்ப நிதானம்.'

குழுவில் என் பதிவு ஒன்று மிச்சம் இருந்தது. டீ போடும் பாத்திரமும் இரண்டு எவர்சில்வர் டம்ளர்களும். யாரும் கேட்கவில்லை. நீக்கினேன். காரணம் கேட்டது. 'தேவைப்படுகிறது' என்று எழுதினேன்.

சத்தியபாமா தினமும் எழுதினார். 'பதினொண்ணு.' 'பதினொண்ணு.' 'பத்து.' இரண்டாவது வாரம் 'எட்டு'. ஒரு நாள், 'சாக்கடை மூடிய ஒதுக்க மறந்துருச்சு, நானே ஒதுக்கிட்டேன்' என்றார். நான்காவது வாரம் 'நாலு'. பிறகு 'ரெண்டு'. நான் எல்லாவற்றுக்கும் 'சரி' என்று பதில் போட்டேன். தேதி போட்டு ஒரு தாளில் குறித்துக்கொண்டேன். ஆய்வகத்தில் குளோரின் அளவு குறைவதை அப்படித்தான் குறிப்போம்.

முப்பத்தெட்டாவது நாள் ஒன்றும் வரவில்லை. முப்பத்தொன்பதாவது நாளும்.

நாற்பதாவது நாள் மதியம் குரல் செய்தி வந்தது.

"தம்பி, சொல்ல மனசு வரலைங்க. முந்தாநாத்து வண்டி நிக்கல. நேராப் போயிருச்சு. மரத்தைத் தாண்டி வீட்டுக்கே போயிட்டேன். நேத்தும் அப்படித்தான். வீட்டுக்குப் போனா, உள்ள நுழைய முன்னாடியே மாமியா ஆரம்பிச்சுருச்சு. காலைல இருந்து மத்தவங்க புண்ணைப் பாத்துட்டு வர்றேன், ஒரு வா கல்லக்காய் நிம்மதியாத் திங்க முடியல. அப்பத்தான் தெரிஞ்சுது, இத்தன நாளு அந்தப் பதினொரு நிமிசம் எனக்குன்னு இருந்துச்சுன்னு. அதனால இன்னைக்கு நானே நிறுத்திக்கறேன். வண்டி நிக்காட்டி என்ன? உங்களுக்காக இல்லீங்க. எனக்குத்தான்."

அன்று ஆறு பத்து பஸ்ஸில் ஏறினேன். இடப்பக்க ஜன்னலோரம். செல்போனைப் பையில் போட்டுவிட்டேன்.

நாற்றுப்பண்ணை வந்தது. புங்க மரத்தடியில் வண்டி நின்றது. மேலே சத்தியபாமா. கடலைத் தோலை ஊதிக்கொண்டிருந்தார். பஸ் அவரை உரசிக்கொண்டு போனது. அவர் என்னைப் பார்க்கவில்லை.

ஸ்டாப்பில் இறங்கி நடந்தேன். திரும்பிப் பார்க்க வேண்டும் போலிருந்தது. பார்க்கவில்லை. அவள் பார்த்தது என் முதுகைத்தான். அது அப்படியே இருக்கட்டும்.

வீட்டைத் திறந்தேன். சமையலறை விளக்கைப் போட்டேன். பாத்திரத்தைக் கழுவிப் பாலை வைத்தேன். பால் காயும்வரை ஜன்னல் அருகே நின்றேன். இந்த வீட்டுக்கு வந்து நான்கு வருடம். அந்த ஜன்னல் வழியாக நான் வெளியே பார்த்ததே இல்லை. மரம் நன்றாகத் தெரிந்தது. அடியில் ஒரு நீலப் புள்ளி.

டீயை இறக்கும்போது நீலப் புள்ளி நகர்ந்தது. வண்டி சாலையில் ஏறியது. எங்கள் தெருமுனைக்கு வந்ததும் லேசாகத் தயங்கியது. வண்டி தயங்கியதா அவர் தயங்கினாரா என்று இவ்வளவு தூரத்திலிருந்து சொல்ல முடியாது.

பிறகு நேராகப் போனது.

ஒரு டம்ளரில் ஊற்றினேன். விளக்கை அணைக்கவில்லை.